பதில்: குரூப் பை போட்டும் படகுவாரி மொத்தம் வரவில்லை

காசிமேட்டு மீன் ஏலக் கணக்கை வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல் (MySQL) தரவுத்தளத்தில், வரிசைகளைக் குழுவாக்கும் குரூப் பை (GROUP BY) போட்டுப் படகுக்கு, நாளுக்கு ஒரு மொத்தம் கேட்டால் ஒவ்வொரு விற்பனையும் தனி வரிசையாக வருகிறது என்கிறீர்கள். தொகையைக் கூட்டும் சம் (SUM) மேல் தவறில்லை. குரூப் பையில் இருக்கும் விற்ற_நேரம் என்ற பத்தி நொடிவரை நேரத்தைச் சேமிக்கிறது. 4:10க்குப் போன வஞ்சிரமும் 4:12க்குப் போன சங்கராவும் அதற்கு வேறு வேறு குழுக்கள். காட்ட வேண்டியதைச் சொல்லும் செலக்ட் (SELECT), குரூப் பை இரண்டிலும் டேட்(விற்ற_நேரம்) என்று மாற்றுங்கள், அது தேதியை மட்டும் எடுக்கும். மீன் பெயரை செலக்டிலிருந்து தூக்கிவிடுங்கள், மைஎஸ்கியூஎல் 5.7 முதல் வழக்கமான அமைப்பில் அதை விட்டுவைத்தால் பிழை காட்டும், காட்டுவதும் நியாயம்தான். படகுக்கு எந்த மீனைக் காட்டுவது?

அப்புறம், மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் என்ற நிபந்தனை, குழு சேர்ந்த பிறகு வடிகட்டும் ஹேவிங்கில் (HAVING) வர வேண்டும். தனித்தனி வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) கிளாஸில் வைத்தால் குழு சேர்வதற்கு முன்பே சின்ன விற்பனைகள் கழிந்துவிடும்.

ஏலம் நள்ளிரவைத் தாண்டுமா? அப்படியென்றால் ஒரே ஏலம் இரண்டு தேதிகளில் பிரியும், அதையும் பாருங்கள்.