கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வசிக்கிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. பாலர்பள்ளியிலிருந்து வந்தால் இருவரும் கைப்பேசியை விட்டு அசைவதில்லை. வீட்டின் பின்னால் கறிவேப்பிலை, செம்பருத்தி, ஒரு பப்பாளி மரம் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்றுக்கொடுக்க ஆசை. ஆனால் பூச்சி, பறவைகளின் பெயர் எனக்கே தெரியாது. பாம்பு, கொசு பயம் வேறு. எப்படித் தொடங்குவது?

பதில்: சகோதரி, பெயர் தெரியாதது ஒரு குறையே அல்ல. “இது என்ன?” என்று பிள்ளை கேட்டவுடன் பெயரைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. “என்ன செய்கிறது, பார்ப்போமா?” என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளை உட்கார்ந்து உற்றுப் பார்க்கும். இந்த வயதில் பல செடிகளைக் காட்டுவதைவிட, ஒரே செடியைத் தினமும் பார்க்க வைப்பதுதான் முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கறிவேப்பிலையே அதற்குப் போதும். எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகள் நம் ஊரில் ஏராளம். அவை இளந்தளிரில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் முட்டைகளை இடும். பொரிந்து வரும் புழுவைப் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள். பழுப்பும் வெள்ளையுமான அந்த வேடம்தான் பறவைகளிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறது. வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும். அதனால் நமக்கு ஆபத்தில்லை. பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்வார்கள். பிறகு தண்டில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து இறக்கை விரிவது வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

ஆகவே வீட்டில் பாட்டி இருந்தால் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: ஒரு கிளை புழுவுக்கு, மற்றவை ரசத்துக்கு. செடிக்கு மருந்து அடிக்க வேண்டாம்.

ஒருநாள் புழு காணாமல் போகும். கொண்டைக்குருவியோ ஓணானோ தின்றிருக்கும். சில கூடுகளில் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் ஓட்டை போட்டுக்கொண்டு வெளிவரும். மகன் அழுதால் “பறந்து போய்விட்டது” என்று பொய் சொல்லாதீர்கள். குருவிக்கும் குஞ்சு இருக்கிறது, அதற்கும் பசிக்கும் என்று சொன்னால் நான்கு வயதுக்குப் புரியும்.

வேலிக்கு அப்பால் இருக்கும் செம்பனையையும் விட்டுவிடாதீர்கள். 1981-க்கு முன்பு அதன் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது அந்த வேலையைச் செய்திருக்கக்கூடும்; பிள்ளைகள் முன்னால் கேளுங்கள். அந்த ஆண்டு, ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டைக் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விட்டார்கள். அதன்பின் வேலையை வண்டே எடுத்துக்கொண்டது. ஆண்பூ மலரும்போது சோம்பு வாசனை வரும். வண்டுகள் அதில்தான் மொய்க்கும். தோட்டத்தில் அனுமதி பெற்று, சாலையோர மரத்தில் நீங்கள் உடன் நின்று காட்டுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த பக்கம் மட்டும் போகவே கூடாது.

உங்கள் பயம் நியாயமானது. பாம்பு பெரும்பாலும் குவித்த பலகை, பழைய தகரம், தேங்காய் மட்டைக்கு அடியில் ஒதுங்கும். அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்; பெரியவர்கள், கோலால் தட்டிய பிறகு. புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். காலணி இல்லாமல் இறங்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை விடக் கூடாது, மயிர் உள்ள கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது: இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் பின்வாங்கி அவசர எண் 999-ஐ அழையுங்கள். நத்தையைக் கையில் எடுக்கவும் விடாதீர்கள். அதில் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். எதைத் தொட்டிருந்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு விடிந்த வேளையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம் கடிக்கும். காலை ஒன்பது மணி அளவில், முழுக்கைச் சட்டையோடு இறங்குவது நல்லது. வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டுகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து சோதியுங்கள். தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவை அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும், பிறகு காய்ந்த தரையில் கொட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் விட்டால் அது கொசுவாகிவிடும் என்பதை மகள் உடனே பிடித்துக்கொள்வாள்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். அதே கிளையைத் தினமும் ஒரு படம் எடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். மாத முடிவில் வரிசையாகப் பார்க்கலாம். மகன் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவான். கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். நீங்கள் மட்டும் செடி அருகிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு அவனே வருவான்.