இதயத்தை விடுங்கள், அந்த உளறலைப் பார்ப்போம்

கேள்வி: தினமும் காலையில் 8 கி.மீ. ஓடுவேன். கோடை வந்ததும் அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 15 வரை கூடுகிறது. சட்டையில் உப்பு பூக்கிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் கடைசிச் சுற்றில் ஏதோ உளறினேனாம், நண்பர் சொன்னார், எனக்கு நினைவில்லை. உடம்பு சூடாகாமல் இருக்க, ஓடும் முன் பாராசிட்டமால் போடுகிறேன். இதயத்தில் கோளாறா?

பதில்: வெயிலில் ரத்தம் தசைக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். துடிப்பு கூடத்தான் செய்யும். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வராதவரை கைக்கடிகாரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சட்டையில் உப்புத் தடம் படிவது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. கால் பிடித்தால் நின்று நீவிவிடுங்கள்.

எனக்குக் கவலை அந்த உளறல்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கத்தில் அது காயாமல் வெறுமனே சொட்டும். உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. 'வியர்வை நின்றால்தான் ஆபத்து' என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. ஓடுகிறவர்கள் தொப்பலாக நனைந்தபடியே சரிந்து விழுவார்கள். தள்ளாட்டம், காரணமில்லாத எரிச்சல், 'இது எத்தனையாவது சுற்று?' என்றால் தப்பான பதில்: இவைதான் அடையாளம். சூடேறிய மூளை 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லும். அதை நண்பர் நம்பக் கூடாது.

அப்படி நடந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்க வேண்டும். தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். இல்லையென்றால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நெற்றியில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

பாராசிட்டமாலை இன்றே நிறுத்துங்கள். காய்ச்சலில் சூட்டை ஏற்றச் சொல்வது மூளை. மாத்திரை அந்தக் கட்டளையைத்தான் மாற்றுகிறது. ஓடி ஏறும் சூட்டில் அதற்கு வேலையே இல்லை. சூட்டில் அடிபடக்கூடிய கல்லீரலுக்குக் கூடுதல் சுமை, அவ்வளவுதான்.

மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகம், கல்லீரல், சோடியம் ரத்தப் பரிசோதனைகள் முடியும்வரை ஓட்டம் வேண்டாம். அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். அளவுக்கு மீறிக் குடித்துச் சோடியம் இறங்கினாலும் உளறல் வரும். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே போங்கள். அப்புறம், அனுமதி கிடைத்தாலும் பழைய 8 கி.மீ. உடனே கிடையாது. உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். குறைந்த தூரம், மெதுவான ஓட்டம், கூட ஒரு ஆள். சளிக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை போடுகிறவரானால் அதன் அட்டையையும் எடுத்துப் போங்கள், சில வகை வியர்வையைக் குறைக்கும்.