விரியன் போன வருடமே நாகமும் போனது

கேள்வி: பட்டறையில் டீ குடிக்கும்போது வந்த சண்டை இதுங்க. 1901-ல் பிரிட்டிஷ் கடற்படையின் 'வைப்பர்' (விரியன்), 'கோப்ரா' (நாகம்) என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் (டெஸ்ட்ராயர் எனும் வேகமான சிறு போர்க்கப்பல்கள்) ஒன்றரை மாத இடைவெளியில் அடுத்தடுத்து அழிந்து போயிருக்கின்றன. இரண்டிலும் டர்பைன் இன்ஜின், அதுதான் காரணம் என்கிறார் ஒருவர். பாம்புப் பேர் வைத்ததால் வந்த வினை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரிங்க?
— லேத் ஓட்டும் வாசகர், கணபதி, கோவை

பதில்: ரெண்டு பேருமே தோற்றார்கள், டீக்காசைப் பங்கு போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் டர்பைன். அதற்கு முன் நாசகாரிகளில் இருந்தது மேலும் கீழும் அடிக்கிற பிஸ்டன் நீராவி இன்ஜின். கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினின் ஃபவுண்டேஷன் போல்ட் லூஸானால் அது என்ன ஆட்டம் ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி, ஆனால் ஆயிரக்கணக்கான குதிரைசக்தியில், தகரம் போன்ற மெல்லிய உடம்புக்குள் வைத்து முழு வேகத்தில் ஓட்டினால் கப்பலே உதறும். டர்பைனில் நீராவி பட்டுச் சக்கரம் சுற்றுவது மட்டும்தான். நீராவி டர்பைனை உருவாக்கிய இன்ஜினியர் சார்லஸ் பார்சன்ஸ் 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் தன் 'டர்பினியா' படகை அழைக்காமலே உள்ளே விட்டு, துரத்திய படகுகளுக்கெல்லாம் தண்ணி காட்டினார். அப்புறம்தான் கடற்படை அவர் கம்பெனிக்கே வைப்பர் ஆர்டரைக் கொடுத்தது. சோதனை ஓட்டத்தில் வைப்பர் 36 நாட் (knot, கப்பல் வேக அளவு) வேகத்தைத் தாண்டியது, மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் சாயங்கால நேரத்தில் நம் காரே போகாத வேகம்.

ஆனால் வைப்பர் உழைத்த காலம் கொஞ்சம்தான். 1901 ஆகஸ்ட் 3, கடற்படைப் பயிற்சி, ஆங்கிலக் கால்வாயில் ஆல்டர்னி தீவுப் பக்கம் கடும் மூடுபனி. பாறையில் ஏறிவிட்டது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். இதில் டர்பைன் என்ன செய்யும்? பனியில் பாறைக்கு எந்த இன்ஜின் என்று தெரியுமா?

கோப்ரா கதைதான் கஷ்டமானது. ஆம்ஸ்ட்ராங் கம்பெனி தானாகவே கட்டி வைத்திருந்ததைக் கடற்படை விலைக்கு வாங்கியது. டைன் நதியிலிருந்து போர்ட்ஸ்மவுத்துக்குப் புறப்பட்ட முதல் பயணத்திலேயே, செப்டம்பர் 18 காலையில், லிங்கன்ஷயர் கரைக்கு அப்பால் இரண்டாக முறிந்தது. 79 பேரில் 12 பேர்தான் மிஞ்சினார்கள். செத்தவர்களில் பார்சன்ஸ் கம்பெனி ஆட்களும் உண்டு. தரை தட்டவில்லை, கட்டுமானம் பலவீனம், இப்படியொரு கப்பலை வாங்கியதே வருத்தத்துக்குரியது என்று ராணுவ நீதிமன்றம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. 70 மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், ஆறு மீட்டர் சொச்சம் அகலம். முன்னும் பின்னும் இரண்டு அலை தூக்கிக்கொண்டு நடு அந்தரத்தில் தொங்கினால், மூங்கில் ஏணியை இரண்டு திண்ணைக்கு நடுவே போட்டு அதன்மேல் ஆள் நடந்த கதைதான். அந்தத் தீர்ப்பு மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. கமிட்டி போட்டு, 'உல்ஃப்' என்ற வேறொரு நாசகாரியை உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) ஏற்றி, அடியில் தாங்கும் முட்டுகளை மாற்றி மாற்றி வளைத்து அளந்து பார்த்தார்கள். அது தாங்கியது. என் கணக்கில் அதனால் கோப்ரா தாங்கியிருக்கும் என்று ஆகிவிடாது, ஒரே அச்சில் வார்த்த பாகமா இரண்டும்?

டர்பைனின் நிஜமான குறை வேறு: மெதுவாகப் போனால் நிலக்கரியை வாரித் தின்னும். அதனால் அடுத்து வந்த 'வெலாக்ஸ்' நாசகாரியில் மெதுவான ஓட்டத்துக்கென்று தனியாகச் சின்ன பிஸ்டன் இன்ஜினும் வைத்தார்கள். அந்தக் குறை இருந்தும் டர்பைனைக் கைவிடவில்லை: 1906-ல் வந்த பிரிட்டிஷ் 'டிரெட்நாட்' பெரும் போர்க்கப்பலே டர்பைனில்தான் ஓடியது.

பாம்புப் பேர்க்காரரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: 1890-ல் 'சர்ப்பென்ட்' (இதுவும் பாம்புதான்) என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஸ்பெயின் கரைப் பாறையில் மோதி 173 பேர் செத்தார்கள், பிழைத்தது மூன்றே பேர். அதில் டர்பைன் கிடையாது. கேட்டால் டீக்காசு தர மாட்டார்.