வக்கிரம் என்று போட்டிருந்தால் மாடிக்குப் போங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை

விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வாங்கப் போகும்போது கடல் பக்கம் ஒரு பெரிய வெளிச்சம் தெரிகிறது. கப்பலா, கிரகமா?
- வாசகி, திருவொற்றியூர்

நம் கரைக்கு எதிரே துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் நிற்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். நின்ற இடத்திலிருந்து கையை நேராக நீட்டி, கட்டைவிரலைக் கடல் கோட்டின்மேல் வையுங்கள். வெளிச்சம் எத்தனை விரல் உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு விரல் அகலம் ஏறியிருந்தால் அது வானத்துப் பொருள். கப்பல் விளக்கு ஏறாது.

‘மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கிரகம்’ என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தலைக்கு மேலே அது சரி. கடலை ஒட்டி, அடர்ந்த காற்று வழியாகப் பார்க்கும்போது வெள்ளிகூட நிறம் மாறி மாறித் துடிக்கும். அதனால் விரல் கணக்கையே நம்புங்கள்.

நீங்கள் சொல்லும் நேரத்துக்கும் திசைக்கும் அது வெள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காசிமேட்டில் கட்டுமரம் ஏறிய என் அப்பாவுக்குக் கைக்கடிகாரம் கிடையாது. “வெள்ளி மொளைச்சிடுச்சி, வலையை இழு” என்பதுதான் அவருக்கு மணி. ஆனால் ஆண்டு முழுவதும் அந்த மணி அடிக்காது. 584 நாள் சுற்றில் சுமார் ஒன்பது மாதம் விடியலிலும், சுமார் ஒன்பது மாதம் அந்தியிலும் வெள்ளி தெரியும். இடையிடையே சூரியனோடு மறைந்துவிடும். 2026 அக்டோபர் 24 அன்று பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்து, நவம்பரிலிருந்து நம் கடல்மேல் விடிவெள்ளியாக நிற்கும். அந்தியில் வரும் காலத்தில் கடற்கரைக்குப் போய்ப் பயனில்லை. மேற்கே, மணலிப் பக்கம் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் எந்தக் கிரகம் எங்கே தெரியும் என்று பட்டியல் தர முடியுமா? செயலி ஏற்ற என் போனில் இடமில்லை.
- வாசகர், வியாசர்பாடி

பட்டியல் அடுத்த வருஷம் பழசாகிவிடும். பழசாகாத ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்: பஞ்சாங்கத்து ராசிக் கட்டம். பலன் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. அது வானத்தின் வரைபடம். சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாக் கிரகங்களும் அந்தப் பாதையை ஒட்டியேதான் நகரும்.

முதலில் சூரியன் இருக்கும் கட்டம். சித்திரையில் மேஷம், தையில் மகரம், மாசியில் கும்பம். அதையே ஒன்று என்று வைத்து வலஞ்சுழியாக எண்ணுங்கள். ஒரு கட்டம் என்றால் வானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சூரியனோடு ஒரே கட்டத்தில் இருக்கும் கிரகத்தைத் தேட வேண்டாம், பெரும்பாலும் தெரியாது. நாலாவது கட்டத்தில் இருப்பது பொழுது சாயும்போது கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். பத்தாவதில் இருந்தால் நடுராத்திரிக்குத்தான் உதிக்கும். ஏழாவது என்றால் சூரியன் மேற்கே இறங்கும்போது கிழக்கே கடலிலிருந்து ஏறி, விடிய விடியத் தெரியும். சூரியனுக்கு முந்தைய ஓரிரு கட்டங்களில் இருப்பவை விடியற்காலைக்கு உரியவை. வெள்ளி சூரியனை விட்டு இரண்டு கட்டத்துக்குமேல் விலகாது, புதன் ஒரு கட்டத்துக்குமேல் விலகாது. அதனால்தான் நடுராத்திரியில் இவை இரண்டும் நமக்குத் தெரிவதில்லை. அந்த நேரத்தில் உச்சியில் பளீரென்று ஒன்று நின்றால் அது பெரும்பாலும் வியாழன்.

இன்னொன்று. குரு, சனி, செவ்வாய்க்குப் பக்கத்தில் ‘வ’ என்றோ வக்கிரம் என்றோ போட்டிருந்தால் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த மூன்றையும் பார்க்க அதைவிட நல்ல நாட்கள் இல்லை. நம் பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அவற்றைத் தாண்டும்போதுதான் அவை பின்னால் போவதுபோல் தோன்றும். அப்போது அவை நமக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாக, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். வெள்ளி, புதனுக்கு மட்டும் இது பொருந்தாது.

2027இல் சோதித்துப் பாருங்கள். பிப்ரவரி 10 வாக்கில், தை முடியும் நேரம், மகரத்துக்கு ஏழாவதான கடகத்தில் குரு. பிப்ரவரி 19 அன்று, மாசியில், கும்பத்துக்கு ஏழாவதான சிம்மத்தில் செவ்வாய். அந்த மாதம் இரண்டும் அந்தியில் அடுத்தடுத்துக் கடலிலிருந்து ஏறும். எண்ணூரில் இருப்பவருக்குக்கூட இதைவிடச் சுலபமான காட்சி வராது.

பஞ்சாங்கம் திருக்கணிதமாக இருக்கட்டும். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கிரகம் இருக்கும் இடம் வானத்திலிருந்து விலகியிருக்கும். சனி மீனத்துக்குப் போனதைத் திருக்கணிதம் 2025 மார்ச்சில் போட்டது, வாக்கியம் 2026 மார்ச்சில் போட்டது. ஒரு வருஷ வித்தியாசம்! நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டிலேயே, கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை விளக்கச் சிறு நூலும் எழுதினார். நம் ஊர்க்காரர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

சுற்றிலும் தெருவிளக்கு. பழவேற்காடு வரை போக வேண்டுமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

வேண்டாம். பால்வீதி பார்க்கத்தான் இருட்டு வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகங்களுக்கு மொட்டைமாடி போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று தெருவிளக்கை மறைத்துக்கொள்ளுங்கள். வடக்கே தெரியும் அசையாத சிவப்புப் புள்ளிகள் அனல்மின் நிலையப் புகைபோக்கி விளக்குகள், செவ்வாய் அல்ல. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போய்விடும். போகியன்று விடியலில் புகை. பொங்கல் கழிந்து பங்குனி வரை நம் பக்கத்துக்கு அருமையான வானம். ஆடி, ஆவணியில் சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டதும் மாடிக்கு ஓடுங்கள், தூசி கழுவிய வானம் கிடைக்கும்.

ராகு, கேது எப்போது தெரியும்?
- வாசகர், ராயபுரம்

தெரியாது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. பொருள் எதுவும் அங்கே இல்லை. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு அருகே அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம் நடக்கும்.

மகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தரலாமா? ஐயாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன்.
- வாசகர், பெரம்பூர்

நான் பள்ளிக்கு அந்த மாதிரி விலையில் ஒன்று வாங்கி வருந்தினேன். முக்காலி காற்றுக்கே ஆடியது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஒன்றும் பார்க்காமல் போனார்கள். அந்தப் பணத்துக்கு 10×50 இருகண்நோக்கி வாங்குங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தலையணை போட்டு, முழங்கை இரண்டையும் ஊன்றி, வியாழனைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று நான்கு சின்னப் புள்ளிகள் தெரியும். 1610இல் கலீலியோ பார்த்த அதே நிலாக்கள். காகிதத்தில் வரைந்து வைக்கட்டும். மறுநாள் ராத்திரி திரும்ப வரையட்டும், புள்ளிகள் இடம் மாறியிருக்கும். சனியின் வளையத்துக்கு மட்டும் இது போதாது. அவள் பத்து நாள் விடாமல் வரைந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.