ரயில் தாமதத்துக்குப் புகார் கொடுத்தும் பணம் ஏன் வரவில்லை?

ரயில் 4 மணி நேரம் தாமதமானதால் பயணத்தையே விட்டுவிட்டு, ரயில்வே உதவி எண்ணான 139-இல் புகார் சொல்லியும் பணம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்திய ரயில்வேயில் புகார் வேறு, பணம் கோருவது வேறு. இது தெரியாமல் நியாயமான பணத்தைப் பலர் இழப்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் ஏறாமல் விட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆன்லைன் டிக்கெட் என்றால், ரயில் அங்கிருந்து கிளம்புவதற்குள் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்டு ஆன்லைனில் பதியும் கோரிக்கை) பதிவு செய்துவிட வேண்டும். அட்டவணை நேரம் கணக்கில்லை, நிஜமாகவே கிளம்பும் நேரம்தான். கவுன்டர் டிக்கெட்டையும் அதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரயிலே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாக வந்துவிடும்.

சரி, 139 எதற்கு? ஓடும் ரயிலில் உள்ள குறைகளுக்கு அது நல்ல வழி. "ஏசி சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிஎன்ஆர் எண்ணோடு, "பி3 பெட்டி, 22-ஆம் இருக்கை, இரவு 11.40 முதல் ஏசி ஓடவில்லை" என்று சொல்லுங்கள். புகார் எண்ணையும் குறித்து வையுங்கள்.