முதல் ஆட்டத்திலேயே தோற்கும் அணியை நினைத்து அட்டவணை போடுங்கள்

பெரியவர்களுக்கு வாராந்திர லீக், சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஆண்டுக்கு ஓரிரு பீச் வாலிபால் (மணலில் அணிக்கு இருவர் ஆடும் வாலிபால்) போட்டிகள் நடத்த வேண்டும், இரண்டு ஆடுகளங்கள் இருக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். வலை, பந்து, பரிசு என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் ஆட்டத்தில் தோற்கிற அணி அன்று மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடும்?

நான் நடத்திய முதல் இளையோர் போட்டியில் அதற்கு விடை ஒன்றுதான். 16 அணிகள், தோற்றால் வெளியேறும் நேரடி நாக்அவுட், 15 ஆட்டங்கள். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலை முதல் ஆட்டத்திலேயே தோற்ற இரண்டு சிறுவர்களை இன்னும் மறக்க முடியவில்லை. பதினெட்டு நிமிடத்தில் அவர்கள் ஆட்டம் முடிந்தது. அழைத்துப் போக ஆள் வரும்வரை இருவரும் பையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டாமல், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாரக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பெயர் கொடுக்கவில்லை. அன்று எட்டு அணிகளை நான் ஒரே ஆட்டத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது.

இப்போது 16 அணிகளுக்கு நான் போடும் அட்டவணை வேறு. நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் இரண்டு ஆட்டங்கள். பிறகு வென்ற இரு அணிகள் தங்களுக்குள்ளும், தோற்ற இரு அணிகள் தங்களுக்குள்ளும் ஆடும். நான்கே ஆட்டங்களில் பிரிவின் நான்கு இடங்களும் தெரிந்துவிடும். எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் இதுவே ஆறு ஆட்டங்கள் ஆகும். சர்வதேசப் போட்டிகளிலும் இந்த நான்கு ஆட்ட முறை கையாளப்படுகிறது. பிரிவில் முதலிடம் பிடித்தவர்கள் நேரே காலிறுதிக்குப் போகிறார்கள். இரண்டாம், மூன்றாம் இடத்து எட்டு அணிகளும் ஓர் ஆட்டம் ஆடி, வென்ற நான்கு அணிகள் காலிறுதியில் சேர்ந்துகொள்ளும். நான்காம் இடத்து நான்கு அணிகளுக்குத் தனியாக ஓர் அரையிறுதியும் இறுதியும் உண்டு, அதற்கும் ஒரு கோப்பை உண்டு. பிரிவுச் சுற்றில் 16, பிரதான நாக்அவுட்டில் 11, கடைசி நான்கு அணிகளுக்கு 3. மொத்தம் 30 ஆட்டங்கள். மூன்று ஆட்டங்களுக்குக் குறைவாக எந்த அணியும் ஆடாது. முதல் ஆட்டத்தில் தோற்றவர்களுக்குக் கோப்பையே வெல்லும் வழியும் திறந்திருக்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. புதிதாகப் போட்டி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஆடுவது மூன்று செட்: முதல் இரண்டும் 21 புள்ளி, மூன்றாவது தேவைப்பட்டால் 15 புள்ளி, எதிலும் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அதற்கு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். 30 ஆட்டங்களை இரண்டு ஆடுகளத்தில் அப்படி நடத்தினால் 15 மணி நேரம். ஒரே நாளில் நடக்காது. 21 புள்ளிக்கு ஒரே செட் என்று வைத்து, அணிகள் மாறும் நேரத்தையும் சேர்த்து 25 நிமிடம் ஒதுக்குங்கள். ஆறே கால் மணி நேரம்தான் ஆகும். பிரதான நாக்அவுட்டின் அரையிறுதியையும் இறுதியையும் மட்டும் மூன்று செட் ஆக்கினால் இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் கூடும். காலை 7 மணிக்குத் தொடங்கி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினாலும் மாலை நாலரை மணிக்குள் கோப்பை கொடுத்துவிடலாம்.

நேரம் நெருக்கும்போது சிலர் பக்கம் மாறுவதை விட்டுவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி ஏழு ஏழாக வரும்போது பக்கம் மாற வேண்டும், 15 புள்ளி செட்டில் ஐந்து ஐந்தாக. காற்றை எதிர்த்தும் சூரியனைப் பார்த்தும் ஆடுகிறவருக்கு அந்த மாற்றம்தான் நியாயம்.

அணிகளைப் பிரிவுகளில் போடுவதற்குச் சீட்டுக் குலுக்குவதைவிட, பிரிவுகளின் வழியே முன்னும் பின்னுமாக வளைந்து போகும் பாம்பு வரிசை நல்லது. தரவரிசையில் 1, 8, 9, 16 ஒரு பிரிவு. 2, 7, 10, 15 அடுத்தது. 3, 6, 11, 14. பிறகு 4, 5, 12, 13. எந்தப் பிரிவைக் கூட்டினாலும் 34 வரும். யாருக்கு எளிய பிரிவு கிடைத்தது என்ற முணுமுணுப்பு இதோடு அடங்கிவிடும். தரவரிசைக்கு லீக் முடிவுகளையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆடுகளத்தைப் பற்றி. 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம். முன்பு உள்ளரங்க வாலிபாலைப் போலவே 18க்கு 9 மீட்டராக இருந்தது. பழைய எல்லைப் பட்டை யாராவது கொடுத்தால் விரித்து அளந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மணல் 40 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். எல்லைப் பட்டையின் மூலைகளைப் பிடித்திருக்கும் கட்டைகள் மணலுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும், கம்பங்களுக்கு மெத்தை உறை இருக்க வேண்டும். பந்து உள்ளரங்கப் பந்து அல்ல. அதைவிடச் சற்றுப் பெரியது, காற்றும் குறைவு: சதுர சென்டிமீட்டருக்கு 0.175 முதல் 0.225 கிலோ. உள்ளரங்கப் பந்தின் அழுத்தத்துக்கு அடித்துவிட்டால் கையில் கல் மாதிரி விழும், பிள்ளைகள் பந்தைக் கண்டு ஒதுங்குவார்கள். பரிசுத் தொகையைக் குறைத்தாவது நல்ல பந்துகளும் நிழலுக்குக் கூடாரமும் வாங்குங்கள் என்பது என் கருத்து.

என்னிடம் ஒரு மூங்கில் கழி இருக்கிறது. அதில் நான்கு கோடுகள்: 2.43, 2.24, 2.12, 2.00 மீட்டர். முதலாவது ஆண்களுக்கு, இரண்டாவது பெண்களுக்கும் 16 வயது வரையுள்ளவர்களுக்கும், மூன்றாவது 14 வயது வரை, நான்காவது 12 வயது வரை. சிறுவர், சிறுமியர் இருவருக்கும் இந்த வயது உயரங்கள் ஒன்றுதான். காலையில் முதல் வேலையாக வலையின் நடுவில் கழியை நிறுத்திப் பார்ப்பேன், பிறகு இரு ஓரங்களிலும். வெயிலில் கயிறு தளரும் என்பதால் மதியம் இன்னொரு முறை. 12 வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களின் வலையில் ஆடவிட்டால் சர்வ் வலையைத் தாண்டாது, அன்று முழுவதும் பந்து பொறுக்குவதுதான் ஆட்டமாக இருக்கும்.

சிறுவர் போட்டியைப் பெரியவர்கள் போட்டியின் சின்ன வடிவமாக நினைக்காதீர்கள். அணியில் இரண்டே பேர் என்பதால் எதிரணி எப்போதும் பலவீனமானவரைப் பார்த்தே சர்வ் போடும். பெரியவர்களுக்கு அது தந்திரம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஊர் முன்னால் திரும்பத் திரும்பத் தனியாக நிறுத்தப்படுவது. அதனால் 12 வயதுக்குக் கீழே அணிக்கு மூன்று அல்லது நான்கு பேர் வைக்கிறேன், ஆடுகளத்தையும் சுருக்குகிறேன். ஒருவர் தொடர்ந்து மூன்று சர்வில் புள்ளி எடுத்துவிட்டால் சர்வ் அதே அணியின் அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பது எங்கள் உள்விதி. ஒரே பிள்ளையின் சர்விலேயே செட் முடிந்துபோவது இதனால் நின்றது.

இணை கிடைக்காமல் தனியாக வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். நான்கு பேர் சேர்ந்தால் மூன்று ஆட்டங்கள் போடலாம். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை இணையாக ஆடுவார்கள், புள்ளி தனித்தனியாக எழுதப்படும். இந்த முறையில் வந்தவர்களில் பலர் அங்கேயே நிரந்தர இணையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதன்முதலாக ஆட வரும் பெரியவர்களுக்கும் இது மிகவும் பொருந்தும்.

பெற்றோர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் விதி வேண்டும். ஒரு 14 வயதுப் பிரிவு ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வலையருகே நின்ற சிறுமி முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை நீட்டிக் காட்டினாள். நேர்கோட்டு அடியை நான் தடுக்கிறேன், குறுக்கே வருவதை நீ எடு என்று பொருள். பின்னால் நின்ற தோழி விரலைப் பார்த்துத் தலையசைத்துக் குறுக்குப் பக்கம் நகர ஆரம்பித்தாள். அந்த நொடியில் வெளியிலிருந்து அவளுடைய அப்பா "நேர்கோட்டுக்குப் போம்மா!" என்று கத்தினார். அவள் நின்றாள், திரும்பினாள், பந்து குறுக்கே அவள் விட்டுவந்த இடத்தில் விழுந்தது. முன்னால் நின்றவள் திரும்பி, "நான் காட்டினேனே" என்று மட்டும் சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எல்லைக்கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டினேன். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், ஆட்டம் நடக்கும்போது யோசனை சொல்லக் கூடாது. இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவெடுத்து அதன்படி ஆடுவதுதான் இந்த விளையாட்டின் உயிர். அதை அவர்களிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது.

பதிவின்போதே பெற்றோரின் ஒப்புதல் கடிதம், வயதுச் சான்று, அவசரத் தொலைபேசி எண், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். படம் எடுப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். பிள்ளைகளோடு எந்த நேரமும் பொறுப்பான பெரியவர் இருவராவது இருக்க வேண்டும்.

லீக் இதைவிட எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். எட்டு அணிகள் என்றால் ஏழு வாரம், 28 ஆட்டங்கள். வாரத்துக்கு நான்கு. இரண்டு ஆடுகளத்தில் மூன்று செட் ஆட்டமாகவே வைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரு மாலை முடிந்துவிடும். 16 அணிகள் சேர்ந்தால் எட்டு எட்டாக இரண்டு நிலை ஆக்கி, பருவ முடிவில் இரண்டு அணிகளை மேலேற்றி இரண்டைக் கீழிறக்குங்கள். ஆறாவது வாரத்திலும் எல்லாருக்கும் ஆட ஒரு காரணம் இருக்கும். இருவர் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆட்டம் இல்லை. அதிகாரபூர்வ விதிகளில் மாற்று வீரர் கிடையாது என்றாலும் லீக்கில் ஒரு மாற்று வீரர் பட்டியல் வையுங்கள்: அதே நிலையில் அல்லது அதற்குக் கீழே ஆடுகிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழைக்கு என்று இரண்டு வாரத்தைக் கடைசியில் காலியாக விட்டுவிடுங்கள்.

சம நிலை வந்தால் என்ன செய்வது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். மூன்று அணிகள் ஒரே வெற்றிக் கணக்கில் நின்றால் எடுத்த புள்ளிகளை விட்ட புள்ளிகளால் வகுத்து வரும் விகிதத்தைப் பார்க்கிறோம். பின்னால் யோசித்துச் சொல்லும் விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் தோற்றவர்கள் நம்பமாட்டார்கள். உள்ளரங்கிலிருந்து வருகிறவர்களுக்காக அதே தாளில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: வலையில் தடுக்கும்போது பந்து பட்டால் அது ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று தொடுகைகளில் ஒன்றாகக் கணக்காகும், விரல் நுனியால் பந்தைத் தட்டி இறக்கக் கூடாது. லீக்கில் எழும் சண்டைகளில் பாதி இந்த இரண்டில்தான்.

நடுவர் வேலைக்கு அட்டவணையிலேயே ஒரு கட்டம் போட்டு, எந்த அணி விசில் பிடிக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். தோற்ற அணி அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது பல இடங்களில் வழக்கம். பெரியவர்களுக்குச் சரி. கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் விசிலைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை, அங்கே பெரியவர்களே நிற்பார்கள்.

இடி கேட்டால் எல்லாரையும் வெளியேற்றுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை யாரும் மணலில் இறங்கக் கூடாது. அது இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியாக இருந்தாலும் சரி. உலோகக் கம்பங்களுக்கு நடுவே திறந்தவெளியில் நிற்கிறோம்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் முதல் போட்டிக்கு 16 அணிகள் வேண்டாம், எட்டு போதும். இரண்டு பிரிவு, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும்: 12 ஆட்டங்கள். பிறகு முதல் நான்கு அணிகளுக்கு இரண்டு அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கு ஓர் ஆட்டம், இறுதி; கீழ் நான்கு அணிகளுக்கும் அதே போல நான்கு ஆட்டங்கள். மொத்தம் 20. ஆட்டத்துக்கு அதே 25 நிமிடம் என்று வைத்து, காலை 7 மணிக்கு முதல் விசில் அடித்தால் 11:10க்குக் கடைசி ஆட்டம் முடியும். எட்டாவது இடத்தில் வந்த அணியும் அதற்குள் ஐந்து ஆட்டங்கள் ஆடியிருக்கும்.