விந்தணு எப்போ "ரெடி" ஆகுது? உங்க கேள்விகளுக்கு பதில்

விந்து உள்ள போனவுடனே முட்டையோட சேர வேண்டியதுதானே டாக்டர், நடுவுல என்ன வேலை?

1951க்கு முன்னாடி விஞ்ஞானிகளே அப்படித்தான்பா நினைச்சாங்க. அந்த வருஷம் அமெரிக்காவுல எம்.சி.சாங் முயலை வச்சும், ஆஸ்திரேலியாவுல ஆஸ்டின் எலியை வச்சும் தனித்தனியா ஒரே விஷயத்தை கண்டுபிடிச்சாங்க, புது விந்தணுவை நேரா கருக்குழாய்லயே கொண்டுபோய் விட்டாலும் உடனே முட்டைக்குள்ள நுழைய தெரியல, பெண் உடம்புக்குள்ள சில மணி நேரம் இருந்தாத்தான் அந்த தகுதியே வருது. கெப்பாசிட்டேஷன்னு இதுக்கு பேர் வச்சது ஆஸ்டின், 1952ல.

அந்த நேரத்துல அப்படி என்னதான் மாறுது?

முதல்ல விந்தணுவோட சவ்வுல இருக்கற கொலஸ்ட்ராலை அல்புமின்ங்கற புரதம் உருவி எடுக்கும், சவ்வு இளகும். பைகார்பனேட்ங்கற உப்பு உள்ள போய் சைக்ளிக் ஏஎம்பிங்கற சிக்னல் பொருள் ஏறும், வால்ல இருக்கற கேட்ஸ்பர்ங்கற கால்சியம் வாசல் வழியா கால்சியம் வரும், அதோட நடையே மாறிடும். மைக்ராஸ்கோப்ல பார்த்தா அழகா நேரா போயிட்டிருந்தது திடீர்னு வாலை சாட்டை மாதிரி சொடுக்கிட்டு ஒரே இடத்துல துள்ளும், புதுசா பார்க்கறவங்க ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க, ஆனா முட்டையோட உறையை துளைக்க இந்த முரட்டு அடிதான் வேணும். தலையில இருக்கற என்சைம் பையும் இதுக்கு அப்புறம்தான் சரியா திறக்கும்.

ஐவிஎஃப்ல, அதான் டெஸ்ட் ட்யூப் பேபி சிகிச்சையில, விந்து சாம்பிளை ஏன் கழுவறாங்க? அழுக்கா?

அழுக்கெல்லாம் இல்லம்மா. விந்து திரவத்துலயே இந்த மாற்றத்தை தடுக்கற பொருட்கள் இருக்கு, அதை நீக்கிட்டு அல்புமின், பைகார்பனேட் இருக்கற வளர்ப்பு திரவத்துல 37 டிகிரில வைப்பாங்க, கருக்குழாய் செய்யற வேலையை டிஷ்ஷுக்குள்ள செய்ய வைக்கறாங்க, அவ்வளவுதான்.

இக்ஸிக்கும் இது வேணுமா?

வேணாம். இக்ஸில ஒரே ஒரு விந்தணுவை ஊசியால நேரா முட்டைக்குள்ளயே வச்சுடறாங்களே.

எங்க மாட்டுக்கு ரெண்டு தடவை சினை ஊசி போட்டும் நிக்கல, விந்துல குறையா?

இருக்கலாம், ஆனா நான் முதல்ல நேரத்தைத்தான் கேப்பேன். உறைய வச்சு உருக்கறதுலயே விந்தணு சவ்வு அடிவாங்கி பாதி கெப்பாசிட்டேஷன் ஆன மாதிரி ஆயிடும், அதனால ஃப்ரெஷ் விந்து அளவுக்கு உள்ள ரொம்ப நேரம் தாங்காது. காலையில பருவத்துக்கு கத்துச்சுன்னா சாயங்காலம் போடுங்க, சாயங்காலம் கத்துச்சுன்னா மறுநாள் காலை. ஸ்ட்ராவை, அதான் உறைஞ்ச விந்து இருக்கற சின்ன குழாயை, 37 டிகிரி தண்ணியில 30 செகண்ட் வச்சு உருக்கறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்கண்ணே, சட்டைப் பையில வச்சு சூடு பண்ற ஆளுங்களும் இருக்காங்க.